பரம்பரையும் நம்ம வீட்டு அடுப்படியும்

(பெருங்களத்தூரில் நடந்த கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், நம் உறுப்பினரான ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை ஆற்றிய உரை. பல குழுக்கள் கேட்டுக்கொண்டதால் மலரில் சேர்த்திருக்கிறோம்.)



இந்த மேடையில் வழக்கமாக உள்கடன், வட்டி, வங்கி இணைப்பு, தையல் ஆர்டர் என்றுதான் பேசுவோம். இந்த வருஷம் என்னை உடல்நலம் பற்றிப் பேசச் சொன்னார்கள். "சுகரைப் பத்திப் பேசுங்க டீச்சர், எல்லார் வீட்லயும் அதானே" என்று ஒரு குழுவில் கேட்டார்கள். சரி, அதையே பேசுகிறேன். ஆனால் மாத்திரை, பத்தியம் என்று தொடங்கப் போவதில்லை. நாம் எல்லாரும் சொல்கிற ஒரு வார்த்தையிலிருந்து தொடங்குகிறேன். "எங்க அம்மாவுக்கு சுகர், எங்க ஆயாவுக்கு சுகர், எனக்கும் வரத்தான் போகுது. ரத்தத்துல இருக்கு, என்ன பண்றது?"

இந்த வார்த்தையில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

நூலைப் போல சேலை

"நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை" என்று நாம் சொல்வோம். நம் உடம்பில் இருக்கிற ஒவ்வொரு செல்லுக்குள்ளும் உண்மையிலேயே ஒரு நூல் இருக்கிறது. அதன் பெயர் டி.என்.ஏ. ஒரே ஒரு செல்லில் இருக்கிற நூலை இழுத்து நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். அது சுருண்டு கிடக்கிற இடமோ ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. அந்த நூலில்தான் ஜீன்கள் எழுதப்பட்டிருக்கின்றன. உடம்புக்கு வேண்டிய புரதங்களைச் செய்வதற்கான குறிப்பு உள்ள ஜீன்கள் சுமார் 20,000. பாதி அம்மாவிடமிருந்து, பாதி அப்பாவிடமிருந்து.

இப்போது ஒரு கேள்வி. கண்ணில் இருக்கிற செல்லுக்கும் இதே நூல்தான், கல்லீரலில் இருக்கிற செல்லுக்கும் இதே நூல்தான். எழுத்து மாறவே இல்லை. அப்படியென்றால் கண் எப்படிப் பார்க்கிறது, கல்லீரல் எப்படிச் சர்க்கரையைச் சேமிக்கிறது? கண்ணுக்குள் ஏன் பித்தநீர் சுரக்கவில்லை?

பதில் நம் வீட்டு பீரோவில் இருக்கிறது. ஒருத்தரிடம் நாற்பது சேலை இருக்கும். கட்டுவது எத்தனை? மேல்தட்டில் கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கிற ஆறு, ஏழு சேலைதான். அடியில் இறுக்கி மடித்து, துணியில் சுற்றி வைத்த பட்டுச்சேலை இருக்கிறது. ஆனால் தினமும் அதை எடுப்பதில்லை. சேலை காணாமல் போகவில்லை, கிழியவில்லை. மடிப்பு இறுக்கம், அவ்வளவுதான். செல்லுக்குள்ளும் அந்த நூல், ஹிஸ்டோன் என்கிற சின்னச் சின்ன உருளைகளில் சுற்றப்பட்டிருக்கிறது, தையல் மெஷினில் பாபினில் நூல் சுற்றுகிற மாதிரி. சுற்று தளர்ந்திருக்கிற இடத்தில் ஜீனைப் படிக்க முடியும்; வேலை நடக்கும். இறுகிய இடத்தில் படிக்க முடியாது. அந்த ஜீன் சும்மா இருக்கும்.

இன்னொரு வழியும் உண்டு. மெத்தில் என்று ஒரு சின்ன வேதிப்பொருள். ஒரு கரி அணு, மூன்று ஹைட்ரஜன் அணு, அவ்வளவுதான். அது நூலின் மேல் சில இடங்களில் போய் ஒட்டிக்கொள்ளும். சமையல் குறிப்பு நோட்டில் இரண்டு பக்கத்தைச் சேர்த்து ஊக்கு குத்தி விட்டால் அந்தப் பக்கத்தைப் படிக்க முடியாது இல்லையா? அதே மாதிரி, ஜீன் தொடங்குகிற இடத்தில் மெத்தில் நிறைய ஒட்டினால் பொதுவாக அந்த ஜீன் அடங்கிவிடும். ஊக்கைக் கழற்றினால் மறுபடியும் படிக்கலாம். எழுத்து அப்படியே இருக்கும்.

எழுத்தை மாற்றாமல், எதைப் படிப்பது, எதை மூடி வைப்பது என்று தீர்மானிக்கிற இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் எபிஜெனெடிக்ஸ். தமிழில் மேல்மரபியல் என்று எழுதுகிறார்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த வாடிங்டன் என்ற விஞ்ஞானி 1942ல் இந்தப் பெயரை வைத்தார். பெயர் ஞாபகம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஊக்கும் மடிப்பும் ஞாபகம் இருந்தால் போதும்.

தேன்கூட்டில் ஒரு பாடம்

யார் ஊக்கு குத்துவது, யார் கழற்றுவது? செல்லுக்குள் அதற்கென்றே நொதிகள் இருக்கின்றன. பெரும்பாலும் உடம்பு வளரும்போது தானாகவே நடக்கும். ஆனால் நாம் சாப்பிடுவது, மூச்சில் இழுப்பது, ரத்தத்தில் ஓடுகிற சர்க்கரையின் அளவு, மனஅழுத்தம், இதெல்லாமும் அந்த வேலையில் கை வைக்கும்.

தேனீயைப் பாருங்கள். ஒரு கூட்டில் ராணி ஒன்று, வேலைக்காரத் தேனீக்கள் ஆயிரக்கணக்கில். ராணி பெரிய உடம்பு, முட்டையிடும், வருஷக்கணக்கில் உயிரோடு இருக்கும். வேலைக்காரத் தேனீ வெயில் காலத்தில் சில வாரங்களில் செத்துப்போகும். இரண்டும் ஒரே மாதிரி முட்டையிலிருந்து வந்தவைதான். ராணியாக வேண்டிய புழுவுக்குத் தொடர்ந்து அரசக்கூழ் என்கிற தனிச் சாப்பாடு. மற்றதற்குச் சில நாள் மட்டும் அது, பிறகு சாதாரணத் தீனி. 2008ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் ஒரு சோதனை செய்தார்கள். புழுக்களில் மெத்தில் ஒட்டுகிற ஒரு நொதியை அடக்கினார்கள். அரசக்கூழ் அதிகம் கொடுக்காமலேயே அவற்றில் பல ராணிகளாக வளர்ந்தன. சாப்பாடு ஊக்கு வழியாகத்தான் பேசுகிறது என்று அதில் தெரிந்தது.

எலியிலும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வாட்டர்லேண்ட், ஜிர்ட்டில் என்ற இருவர் 2003ல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரு வகை எலிக்கு ஒரு ஜீன் திறந்தே கிடப்பதால் மஞ்சள் முடி, பருத்த உடம்பு. அந்தத் தாய் எலிகளுக்குக் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம், பி12 மாதிரியான சத்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். பிறந்த குட்டிகளில் பழுப்பு முடி உள்ளவை கூடின. அந்த ஜீனில் ஊக்கு விழுந்திருந்தது. மெத்தில் என்பது எங்கிருந்தோ வருவதில்லை. அதைச் செய்ய ஃபோலேட்டும் பி12ம் வேண்டும். ஃபோலேட் கீரையிலும் பயறு வகையிலும் இருக்கிறது. பி12 பால், தயிர், முட்டை, மீன், கறியில் இருக்கிறது. ஆகவே நம் அடுப்படியில் ஆரம்பிக்கிற விஷயம்தான் இது.

பஞ்சத்தில் உண்டான பிள்ளைகள்

"எலிக்கும் தேனீக்கும் சரி டீச்சர், மனுஷங்களுக்கு?" என்று கேட்பீர்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிகிற நேரம். 1944 குளிர்காலத்தில் ஜெர்மன் படை நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு போகாமல் தடுத்தது. ரேஷன் ஒரு நாளைக்கு 1000 கலோரிக்கும் கீழே போனது, சில வாரங்களில் அதிலும் பாதி. துலிப் பூச்செடியின் கிழங்கைக்கூட வேக வைத்துச் சாப்பிட்டார்கள். 1945 மே மாதம் பஞ்சம் தீர்ந்தது. அந்த மாதங்களில் கர்ப்பமாக இருந்தவர்களின் பிள்ளைகளை விஞ்ஞானிகள் பல பத்து வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். பெரியவர்களானபோது அவர்களுக்குச் சர்க்கரையைக் கையாளும் சக்தி குறைவாக இருந்தது. 2008ல் வந்த ஆய்வு இன்னும் ஆச்சரியம். பஞ்ச காலத்தில் கருவானவர்களின் ரத்தத்தை, பஞ்சத்தில் படாத அவர்களின் சொந்த அண்ணன், தம்பி, அக்கா, தங்கை ரத்தத்தோடு ஒப்பிட்டார்கள். வளர்ச்சியோடு சம்பந்தப்பட்ட ஒரு ஜீனில் மெத்தில் குறைவாக இருந்தது. அறுபது வருஷம் கழித்தும்! கருவில் விழுந்த தழும்பு பாட்டி, தாத்தா ஆகும் வரைக்கும் அழியவில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பெண் குழந்தை அம்மா வயிற்றில் இருக்கும்போதே, அந்தக் குழந்தையின் கருமுட்டைகள் உருவாகிவிடுகின்றன. ஒரு கர்ப்பிணி உட்கார்ந்திருக்கிறாள் என்றால், அவள், அவள் வயிற்றில் மகள், மகளுக்குள் பேரப்பிள்ளைக்கான கருமுட்டை, மூன்று தலைமுறை ஒரே நாற்காலியில். அவளுக்கு ஒரு தட்டுச் சோறு வைக்கும்போது மூன்று பேருக்கு வைக்கிறோம்.

அதற்காக எல்லாத் தழும்பும் தலைமுறை தலைமுறையாய்ப் போகும் என்று பயப்பட வேண்டாம். கரு உருவாகிற ஆரம்ப நாட்களில் பழைய ஊக்குகளில் பெரும்பாலானவை கழற்றப்பட்டு, புதிதாகக் குத்தப்படுகின்றன. இயற்கை ஒவ்வொரு பிள்ளைக்கும் புது நோட்டுப் போடப் பார்க்கிறது. அந்தப் புது நோட்டு எழுதப்படுகிற நேரம் முக்கியம். அது எந்த நேரம் என்று பிறகு சொல்கிறேன்.

நம் ஊர்க் கணக்கு

இப்போது நம்மிடம் வருவோம். புனேயில் யாஜ்னிக் என்ற மருத்துவர் 1990களிலிருந்து கிராமத்துத் தாய்மார்களையும் பிள்ளைகளையும் கவனித்து வருகிறார். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தில் ஒப்பிட்டுப் பார்த்த குழந்தைகளுக்கு 3.5 கிலோ. நம் குழந்தை ஒல்லி என்றுதான் பார்த்தால் தெரியும். அளந்து பார்த்தால் தசை குறைவு, ஆனால் தோலுக்கடியில் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒல்லியான உடம்புக்குள் கொழுத்த குழந்தை. கருவில் சத்துக் குறைவாக வந்தால், உடம்பு "வெளியே பஞ்சம் போலிருக்கு, கிடைப்பதைச் சேர்த்து வை" என்று தயாராகிறது. அந்தக் குழந்தை பிறந்து வளர்கிற இடம் பஞ்சமாக இல்லாமல், பிரியாணிக் கடையும் கூல்டிரிங்க்ஸும் பைக்கும் லிஃப்டும் உள்ள இடமாக இருந்தால் என்ன ஆகும்? சேமித்து வைக்கிற உடம்பு, செலவில்லாத வாழ்க்கை. சர்க்கரை நோய் சீக்கிரம் வரும்.

தமிழ்நாட்டில், டாக்டர் வி. சேஷய்யா தலைமையில் 12,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பரிசோதித்தார்கள். 2008ல் வெளிவந்த அந்த ஆய்வில், கர்ப்ப காலச் சர்க்கரை நகரத்தில் 17.8 சதவீதம், நகரை ஒட்டிய பகுதியில் 13.8, கிராமத்தில் 9.9. யோசித்துப் பாருங்கள். எல்லாரும் நம் மாநிலத்துப் பெண்கள்தான். தாம்பரத்தில் ரயிலேறி செங்கல்பட்டைத் தாண்டிப் போனால் ஜீன் மாறிவிடுமா? மாறாது. மாறுவது நடை, சாப்பாடு, தூக்கம், வேலை, காற்று.

நம் பெருங்களத்தூரே ஒரு சாட்சி. வயலும் ஏரிப் பாசனமுமாக இருந்த ஊர். இன்றைக்கு ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் நின்றால் மூச்சு விட முடியாது. பேரூராட்சியாக இருந்தது 2021ல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்தது. ஒரே தலைமுறையில் கிராமத்துக் கணக்கிலிருந்து நகரத்துக் கணக்குக்கு வந்துவிட்டோம். நம் அம்மாக்கள் கருவில் இருந்த ஊர் வேறு, நம் பேத்திகள் கருவில் இருக்கிற ஊர் வேறு.

கர்ப்பத்தில் சர்க்கரை ஏறினால் பிள்ளைக்கு என்ன? அம்மாவின் ரத்தச் சர்க்கரை நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும். அம்மாவின் இன்சுலின் போகாது. பிள்ளையின் சின்னக் கணையம் அந்தச் சர்க்கரையைச் சமாளிக்கத் தானே அதிக இன்சுலின் சுரக்க வேண்டும். பிள்ளை கொழுக்கும். அப்படிப்பட்ட தாய்மாரின் தொப்புள்கொடி ரத்தத்தில், ஊக்குகள் இருக்கிற இடம் மாறியிருப்பதைப் பல நாட்டு ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் பெரியவர்களாகும்போது சர்க்கரை வரும் வாய்ப்பு கூடுகிறது. அதில் ஒரு பெண் பிள்ளை கர்ப்பமானால் மறுபடியும் அதே கதை. நாம் "பரம்பரை" என்று சொல்வதில் ஒரு பங்கு இப்படி வயிற்றிலிருந்து வயிற்றுக்குப் போகிற சங்கிலி. சங்கிலி என்றால் ஒரு கண்ணியை அறுத்தால் போதும்.

அதற்குத்தான் நம் மாநிலத்தில் 2007லேயே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை கட்டாயம் என்று அரசாணை வந்தது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். வெறும் வயிறாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்ப காலச் சர்க்கரை என்று வைத்துச் சிகிச்சை தொடங்குவார்கள். டாக்டர் சேஷய்யா பிறந்த மார்ச் 10ஆம் தேதியைத்தான் நாடு முழுவதும் கர்ப்ப காலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். நம் சென்னை மருத்துவருக்குக் கிடைத்த பெருமை அது.

மும்பையில் ஒரு பலகாரம்

நல்ல செய்தியும் சொல்ல வேண்டும். நம்மைப் போன்ற குழுக்களுக்காகவே நடந்த மாதிரி ஒரு ஆய்வு அது. மும்பையின் குடிசைப் பகுதிகளில் 2006லிருந்து நடந்தது. பெயர் சரஸ் திட்டம். 6,500க்கும் மேற்பட்ட, குழந்தை பெற்றுக்கொள்ள விரும்பிய பெண்கள் சேர்ந்தார்கள். ஒரு பிரிவினருக்குத் தினமும் ஒரு பலகாரம், கீரை, பழம், பால் சேர்த்துச் செய்தது. கடையில் விற்கிற தின்பண்டம் மாதிரியே இருக்கும். இன்னொரு பிரிவினருக்கு உருளைக்கிழங்கு, வெங்காயம் மாதிரி சத்துக் குறைந்த பொருளில் செய்த பலகாரம். கர்ப்பத்துக்கு முன்பே தொடங்கி, பிரசவம் வரை.

என்ன கிடைத்தது? மொத்தமாகப் பார்த்தபோது குழந்தையின் எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கருத்தரிப்பதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே கீரைப் பலகாரம் சாப்பிடத் தொடங்கியவர்களின் பிள்ளைகள் சராசரியாக 48 கிராம் கூடுதலாக இருந்தார்கள். கர்ப்ப காலச் சர்க்கரையோ, மற்றப் பிரிவில் 12.4 சதவீதம், கீரைப் பலகாரப் பிரிவில் 7.3 சதவீதம். ஏறக்குறைய பாதி! ஊசி இல்லை, விலை உயர்ந்த மருந்து இல்லை. ஒரு நாளைக்கு ஒரு பலகாரம்.

புது நோட்டு எழுதப்படுகிற நேரம் முக்கியம் என்றேனே, இதுதான் அந்த நேரம். கருத்தரிப்பதற்கு முந்தைய சில மாதங்களும், கரு உண்டான முதல் சில வாரங்களும். நாம் என்ன செய்கிறோம்? நாள் தள்ளிப்போய், டெஸ்ட் எடுத்து, மாமியாரிடம் சொல்லி, மூன்றாம் மாதத்தில் போய்த்தான் பெயர் பதிகிறோம். அதுவரைக்கும் அந்தப் பெண் காலையில் ஒரு டீயும் பன்னும், மதியம் ரசம் சோறு என்று ஓட்டிக்கொண்டிருக்கிறாள். தமிழ்நாட்டில் 15லிருந்து 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. வளைகாப்புக்கு ஏழு வகைச் சாதம் கட்டுகிறோம். ஏழாவது மாதம் அது. சந்தோஷம்தான், நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் வீடு கட்டி முடிகிற நேரத்தில் அஸ்திவாரத்துக்குச் சிமென்ட் வாங்கிய கதை ஆகிவிடக் கூடாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லி விடுகிறேன். புனே ஆய்வில், ஃபோலேட் நிறைய இருந்து பி12 குறைவாக இருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஆறு வயதில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. இதைக் கேட்டு யாரும் அரசு கொடுக்கிற இரும்பு, ஃபோலிக் மாத்திரையை நிறுத்த வேண்டாம். அது கட்டாயம் வேண்டும். அதோடு பி12ம் வேண்டும் என்பதுதான் பாடம். சைவம் சாப்பிடுகிறவர்கள் பாலும் தயிரும் தவறாமல் எடுக்க வேண்டும், மருத்துவரிடம் பி12 பற்றிக் கேட்க வேண்டும். மற்றவர்களுக்கு முட்டையும் நெத்திலியும் இருக்கவே இருக்கிறது.

அம்மா தலையில் கட்டாதீர்கள்

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு மிக முக்கியம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய், "பாத்தியா, நீ ஒழுங்கா சாப்பிடாததுனாலதான் என் பேரனுக்கு இப்படி" என்று யாராவது மருமகளிடம் சொன்னால், நான் பேசியது அத்தனையும் வீண். அறிவியல் அப்படிச் சொல்லவில்லை. ஒரு பிள்ளையின் உடம்புக்கு நூறு காரணம். ஜீன் ஒன்று, அதிர்ஷ்டம் ஒன்று, சூழல் ஒன்று. அந்தச் சூழல் என்பதும் மரம், செடி, கொடி மட்டும் இல்லை. காலையில் நாலு மணிக்குத் தண்ணீர் பிடிக்க எழுந்திரிப்பது சூழல். எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் ஒட்டியதைச் சாப்பிடுவது சூழல். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்ப்பது சூழல். குடித்துவிட்டு வருகிற ஆளுக்குப் பயந்து தூங்காமல் இருப்பது சூழல். இதில் எதை அந்தப் பெண் தனியாகத் தேர்ந்தெடுத்தாள்?

புகையை எடுத்துக்கொள்ளுங்கள். சிகரெட், பீடிப் புகை ஜீன்களின் மேல் இருக்கிற ஊக்குகளை மாற்றுகிறது. இது நன்றாக நிரூபிக்கப்பட்டது; கர்ப்ப காலத்தில் புகைத்த தாய்மாரின் பிறந்த குழந்தைகளின் ரத்தத்திலேயே அந்த அடையாளம் தெரிகிறது. நம் ஊரில் பெண்கள் எங்கே புகைக்கிறோம்? வீட்டுக்குள் ஆண்கள் புகைக்கிறார்கள், கர்ப்பிணி அதே அறையில் மூச்சு விடுகிறாள். தெருமுனையில் பிளாஸ்டிக் குப்பையைக் கொளுத்துகிறார்கள், அந்தப் புகை அவள் ஜன்னலுக்கு வருகிறது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தினர் தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளைப் பார்த்து 2018ல் வெளியிட்ட ஆய்வில், காற்றில் நுண்தூசி கூடக் கூடக் குழந்தையின் பிறப்பு எடை குறைந்தது. புகைப்பதை விட்டால் மாறிய ஊக்குகளில் பல மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. இதை உங்கள் வீட்டு ஆண்களிடம் சொல்லுங்கள். "உங்க பிள்ளைக்காக" என்று சொன்னால் கேட்பார்கள்.

இந்த மண்டபத்தில் மருமகள்களும் இருக்கிறார்கள், மாமியார்களும் இருக்கிறார்கள். நேற்று மருமகளாக இருந்தவர்தான் இன்றைக்கு மாமியார். உங்களுக்கு அன்றைக்கு யாரும் ஒரு முட்டை வைக்கவில்லை என்றால், அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அந்தக் கடனை மருமகளிடம் வசூல் பண்ணாதீர்கள். அவள் தட்டில் அந்த முட்டையை நீங்கள் வையுங்கள். அது உங்கள் பேத்தியின் பிள்ளை வரைக்கும் போய்ச் சேரும் என்று மேலே சொன்னேன்.

நம்மால் முடிந்தது

நம்மிடம் ஒரு பலம் இருக்கிறது. வாரம் தவறாமல் கூடுகிறோம், ஒருத்தர் வீட்டு நிலவரம் ஒருத்தருக்குத் தெரியும். 1989ல் தருமபுரியில் இந்தக் குழு முறை தொடங்கியபோது சேமிப்புக்காகத்தான் தொடங்கினார்கள். இன்றைக்குப் பள்ளிகளில் காலை உணவு சமைப்பது நம் குழுப் பெண்கள், மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பதும் நம் குழுப் பெண்கள். ஆகவே இதுவும் நம்மால் முடியும். தீர்மானப் புத்தகத்தில் எழுதுவதற்காக நாலு விஷயம் சொல்கிறேன். சரி என்று பட்டால் நிறைவேற்றுங்கள்.

முதலாவது. ஒவ்வொரு குழுவிலும், கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்தவர்கள் யார் என்று ஊக்குநர் தனியாகக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். சபையில் கேட்க வேண்டாம். பிரசவம் ஆனதும் சர்க்கரை இறங்கிவிடும், நாமும் மறந்துவிடுவோம். ஆனால் அவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு. பிரசவமான ஆறாவது வாரம் ஒரு பரிசோதனை, பிறகு வருஷத்துக்கு ஒருமுறை. சந்தா கட்டாவிட்டால் வீட்டுக்கே போய்க் கேட்கிறோமே, அதே மாதிரி இதையும் கேளுங்கள்.

இரண்டாவது. கல்யாணம் நிச்சயமான பெண், புதிதாகக் கல்யாணமான பெண், இரண்டாவது பிள்ளைக்கு யோசிக்கிற பெண், இவர்கள் பட்டியல் வேண்டும். நிச்சயதார்த்தம் முடிந்ததும் நகை பார்ப்பதற்கு முன்னால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பாருங்கள். ரத்தசோகை இருந்தால் அப்போதே சரி பண்ணலாம். நாள் தள்ளினால் உடனே நகர்ப்புறச் செவிலியரிடம் பதிவு செய்யுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய் வருகிறது. அந்தப் பெட்டகத்தில் இருப்பது அவள் சாப்பிட; வீட்டில் எல்லாருக்கும் பங்கு போட இல்லை.

மூன்றாவது. நம் கூட்டத்துக்கு டீயும் மிக்சரும் வாங்குகிறோம். அந்தக் காசுக்குச் சுண்டல், முருங்கைக்கீரை அடை, கேழ்வரகுக் கொழுக்கட்டை, வேர்க்கடலை உருண்டை, கொய்யாப்பழம் என்று மாற்றலாம். ஏற்கெனவே பலகாரம் செய்து விற்கிற குழுக்கள் கீரை சேர்த்த பலகாரம் ஒன்றை ஆர்டர் பொருளாகவே கொண்டுவரலாம். மும்பையில் எடுபட்டது பெருங்களத்தூரில் எடுபடாதா? வியாபாரமும் ஆச்சு.

நாலாவது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற இந்தப் பிள்ளைகள். பத்து வயசிலிருந்து பதினெட்டு வயது வரை பெண் பிள்ளைக்கு அண்ணன் தம்பிக்குச் சமமாகப் பாலும் முட்டையும் கொடுங்கள், விளையாட விடுங்கள், காலையில் சாப்பிடாமல் ஸ்கூலுக்கு அனுப்பாதீர்கள். கல்யாண வயதுக்கு முன்னால் கல்யாணம் பேசாதீர்கள். ஆண் பிள்ளைக்கும் சொல்லி வளருங்கள், நாளைக்கு அவன் மனைவி எதைச் சாப்பிடுகிறாள் என்பது அவனுக்கும் பொறுப்பு என்று.

இதெல்லாம் செய்தால் சுகரே வராதா என்று கேட்டால், அப்படி வாக்குக் கொடுக்க யாராலும் முடியாது. நூல் நம் கையில் இல்லை. மடிப்பில் ஒரு பங்கு நம் கையில் இருக்கிறது. அம்மாவுக்குச் சுகர் இருக்கிறது என்றால் "எனக்கும் வரத்தான் போகுது" என்று உட்காராமல், "அப்ப நான் கொஞ்சம் முன்னாடியே பாத்துக்கணும்" என்று எழுந்திருக்க வேண்டும். வந்துவிட்டவர்களும் நடையும் சாப்பாடும் மருந்துமாக நன்றாக இருக்கலாம். யாருக்கும் காலம் கடந்துவிடவில்லை.

நான் சொன்ன நாலில் ஏதாவது ஒன்றை, ஒன்றே ஒன்றை, அடுத்த வாரக் கூட்டத்தில் உங்கள் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த ஆண்டு விழாவில் எந்தக் குழு என்ன செய்தது என்று கூட்டமைப்பு வாசிக்கட்டும். குளுக்கோஸ் டெஸ்ட் பற்றியோ வேறு எதைப் பற்றியோ சந்தேகம் இருந்தால் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்து கேளுங்கள், நான் இங்கேதான் இருப்பேன்.